கோப்புப் பெயர் குலைந்தால்: கொடைப் பதிவுகளை வெளியிடுவோருக்கான பிழை நீக்கும் வழிமுறை

ஊர்க்கோயில் விழாவான கொடை முடிந்த மறுவாரம் அதன் பதிவுகளோடு ஒரு ஹார்ட் டிஸ்க் கைக்கு வருகிறது. ஃபோல்டரைத் திறந்தால், விழா நிகழ்ச்சிகளில் குடியழைப்பு முதலில் நிற்கிறது, அது சரி. அடுத்ததாக நள்ளிரவுச் சாமக்கொடை, அதற்கடுத்து மஞ்சள் நீராட்டு, எல்லாவற்றுக்கும் கடைசியில் மதியக்கொடை. மஞ்சள் நீராடி முடிந்த பிறகு எந்த ஊரிலும் மதியக்கொடை நடப்பதில்லை. கணினிக்கு அகர வரிசை தெரியும், கொடையின் வரிசை தெரியாது. கேமராக்காரர் கோப்புகளுக்கு வெறும் பெயரை மட்டும் வைத்தார், வரிசையை வைக்கவில்லை; அதனால் வந்தது இது.

திருநெல்வேலிச் சீமைக் கொடைகளில் நடக்கும் வில்லுப்பாட்டையும், மகுடம் என்னும் பறை முழங்க ஆடிப் பாடும் கணியான் கூத்தையும் பதிவு செய்து, பாடியவர்களின் ஒப்புதலோடு ஊர்க்காரர்களுக்கும், மும்பை தாராவியிலும் சென்னையிலும் வளைகுடா நாடுகளிலும் இருக்கும் அவர்களுடைய சொந்தபந்தங்களுக்கும் இணையவழி வெளியிடும் சிறு குழுக்களை எண்ணியே இதை எழுதுகிறேன். இணையத்தில் படங்களையும் தொடர்களையும் வெளியிடும் குழுக்கள் நெடுங்காலமாகப் பின்பற்றும் பெயர் மரபுதான் எங்களுக்கு முன்மாதிரி. தலைப்பு, ஆண்டு, தெளிவளவு (ரெசல்யூஷன்), மூலம், குறிமுறை (கோடெக்) ஆகியவற்றை இடைவெளி விடாமல் புள்ளிகளால் இணைத்து, கடைசியில் ஒரு சிறுகோட்டுக்குப் பின் குழுவின் குறியை வைப்பது அவர்கள் வழக்கம். அவர்களில் பலர் வெளியிடும் சரக்கு பிறருடையது. அந்தத் தொழில் நமக்கு வேண்டாம். ஆனால் முன்பின் அறியாத ஒருவர் கோப்பைத் திறக்காமலே உள்ளே இருப்பதைத் தெரிந்துகொள்ளும்படி பெயரிடுவதில் அவர்கள் காட்டிய கறார் நமக்குப் பயன்படும்.

எங்கள் குழுவில் இப்போது நிலைபெற்றிருக்கும் வடிவம் இது. ஊரும் தேதியும் எடுத்துக்காட்டுக்காக வைத்தவை, குழுக்குறியைக் ‘குழு’ என்றே எழுதியிருக்கிறேன், கடைசிப் புள்ளிக்குப் பின் கோப்பின் வகையைக் காட்டும் நீட்சியை விட்டுவிட்டேன்.

2024-08-06_களக்காடு_03_சாமக்கொடை_வில்லுப்பாட்டு_02_1080பி_வெ1-குழு

கொடை நாள், ஊர், நிகழ்ச்சியின் வரிசை எண், நிகழ்ச்சியின் பெயர், கலை வடிவம், பகுதி எண், தெளிவளவு, வெளியீட்டு எண், குழுக்குறி என்பது ஒழுங்கு. இந்த ஒன்பதில் எது குறைந்தாலும் கீழே சொல்லப்படும் கோளாறுகளில் ஏதோ ஒன்று ஒரு நாள் வந்தே தீரும். சாமியாடியவரின் பெயர் இதில் இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். கோப்புப் பெயர் தேடுபொறி வரைக்கும் போகக்கூடியது. அருள் வந்து ஆடிய ஒருவர் அந்தக் காட்சியின் கீழ்த் தம் பெயரோடு அகப்பட வேண்டிய தேவையில்லை.

நிகழ்ச்சியின் வரிசையும் பட்டியலின் வரிசையும் ஒத்துவரவில்லை

முதலில் பார்க்க வேண்டியது, பிழை எழுத்தினாலா எண்ணினாலா என்பதை. தொடக்கத்தில் கண்டது எழுத்தினால் வந்த பிழை. நிகழ்ச்சிப் பெயருக்கு முன் 01, 02, 03, 04 என்று எண் வைத்துவிட்டால் அது தீரும். ‘அகர வரிசையே சரியாக அமையும்படி பெயர்களை மாற்றிக்கொள்ளலாமே’ என்று எங்களில் ஒருவர் கேட்டார். ஆகாது. கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு குறியெண் தரும் தரமான யூனிகோடில் எழுத்துகளுக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் வரிசை நாம் திண்ணைப் பள்ளியிலிருந்து படித்துவரும் வரிசை அன்று. அங்கே னகரம் நகரத்துக்கு அடுத்தும், றகரம் ரகரத்துக்கு அடுத்தும் நிற்கின்றன; புள்ளி எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால் வருவதால், மெய்யெழுத்து தன் உயிர்மெய்களுக்கெல்லாம் பிந்திப் போகிறது. மொழியறிந்து வரிசைப்படுத்தும் மென்பொருள் இதைத் திருத்திக் காட்டும், குறியெண்ணை மட்டும் பார்த்து வரிசைப்படுத்துவது காட்டாது. ஆக, ஒரே பட்டியல் இரண்டு கணினிகளில் இரண்டு விதமாக வரும். எண்ணுக்கு இந்தத் தொல்லை இல்லை.

எண்ணினால் வரும் பிழை வேறு முகம் காட்டும். 1, 10, 11, 2, 3 என்று பட்டியல் நின்றால், எண்களுக்கு முன் சுழியம் இடவில்லை என்று பொருள். விண்டோஸின் கோப்புப் பட்டியல் எண்ணை எண்ணாகவே படித்து 2ஐ 10க்கு முன் வைத்துவிடுவதால், பெயரிட்டவர் கண்ணுக்கு இந்தக் குறை தெரியாது; லினக்ஸ் கட்டளைவரியிலோ கோயில் பந்தலில் வைத்திருக்கும் மலிவு விலைப் பிளேயரிலோ அது வெளிப்படும். இரண்டு இலக்கம் எழுதினால் 99 வரைக்கும் கவலையில்லை. ஒரே இரவில் நூறு துண்டுகள் எடுப்பவர் மூன்று இலக்கம் வைத்துக்கொள்ளலாம்.

கேமரா தானாக இடும் பெயரை அப்படியே விட்டுவைத்தால் வரும் குழப்பம் மூன்றாவது. கோப்ரோ கேமராவில் நீண்ட பதிவு பல துண்டுகளாக உடையும்போது, முதல் துண்டு ஜிஎச்010123 என்றும் அதன் தொடர்ச்சி ஜிஎச்020123 என்றும் பெயர் பெறும். துண்டின் எண் முன்னால், பதிவின் எண் பின்னால். அதற்கடுத்துப் பதிவு செய்த ஜிஎச்010124 பட்டியலில் இரண்டுக்கும் நடுவே வந்து உட்கார்ந்துகொள்ளும். பாட்டு பாதியில் நிற்க, சாமி வேட்டைக்குப் போகும் காட்சி ஓடி, பிறகு பாட்டின் மீதி வரும். கடைசி நான்கு இலக்கத்தை முதலில் பார்த்து ஒன்று சேர்த்து, அதன்பின் முன்னிரண்டு இலக்கத்தைப் பார்த்து வரிசைப்படுத்துங்கள். பல ஸ்டில் கேமராக்களில் எண் 9999ஐத் தொட்டதும் 0001க்குத் திரும்பிவிடும் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டால், கடைசியில் எடுத்த படம் முதலில் நிற்பதைக் கண்டு திகைக்க வேண்டியிருக்காது.

கணினியில் வரிசை சரி, டிவியில் தவறு

இங்கே பெயரில் குற்றமில்லை. சில டிவிகளும் கார் பிளேயர்களும் பெயரைப் பார்ப்பதே இல்லை. பென் டிரைவில் எந்தக் கோப்பு முதலில் எழுதப்பட்டதோ அதையே முதலில் ஓட்டும். பென் டிரைவைத் துடைத்துவிட்டுக் கோப்புகளைப் பெயர் வரிசையில் ஒவ்வொன்றாகப் படியெடுத்தால் சரியாகிவிடும். பெயரை மாற்றிப் பார்த்துக்கொண்டே இருப்பவர்கள் பொழுதை வீணாக்குகிறார்கள்.

தேதி ஒரு நாள் தள்ளி நிற்கிறது

இந்தச் சீமைக்கென்றே அமைந்த கோளாறு என்று இதைச் சொல்லலாம், ஏனென்றால் நம் கொடையின் உச்சம் நள்ளிரவுக்குப் பின்னால்தான் வருகிறது. எம்பி4 கோப்பின் உள்ளே ‘உருவான நேரம்’ என்று ஓர் இடம் உண்டு. வரையறைப்படி அதில் உலகப் பொது நேரம் எழுதப்பட வேண்டும். நம் கடிகாரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால் ஓடுகிறது. ஆகஸ்ட் 7ஆம் தேதி அதிகாலை 2 மணிக்கு எடுத்த காட்சி, கோப்பின் உள்ளே 6ஆம் தேதி இரவு 8.30 என்று பதிவாகியிருக்கும். நள்ளிரவு 12 மணிக்கும் விடியற்காலை 5.30க்கும் இடையே எடுத்தவை மட்டும்தான் இப்படி முந்தைய நாளுக்குப் போகும். மதியக்கொடையை எடுத்தவருக்கு இந்தப் பிழை ஒருநாளும் தெரிவதில்லை. சாமக்கொடையை எடுத்தவருக்கு ஒவ்வொரு முறையும் வரும். எல்லாக் கேமராக்களும் வரையறையைப் பின்பற்றுவதில்லை, சில உள்ளூர் நேரத்தையே எழுதிவிடும் என்பதால், இரண்டு கேமராக்காரர்களின் பதிவுகளைச் சேர்க்கும்போது ஒரே தீபாராதனைக்கு இரண்டு தேதிகள் கிடைப்பதும் உண்டு.

எந்த வகைப் பிழை என்பதை வித்தியாசத்தின் அளவே சொல்லிவிடும். தீபாராதனை போல நேரம் தெரிந்த ஒரு கணத்தை இரண்டு பதிவுகளிலும் தேடி, காட்டும் நேரங்களை ஒப்பிடுங்கள். சரியாக ஐந்தரை மணி நேரம் வித்தியாசம் என்றால் அது நேர வலயம். சரியாக 12 மணி நேரம் என்றால், கேமராவின் கடிகாரத்தை வைத்தவர் காலையையும் மாலையையும் மாற்றி வைத்துவிட்டார். பல ஆண்டுகள் பின்னோக்கி ஏதோ ஒரு ஜனவரி 1ஆம் தேதி காட்டினால், கேமராவுக்குள் கடிகாரத்துக்கென்று இருக்கும் சிறு பேட்டரி தீர்ந்துவிட்டது. ஏழெட்டு நிமிட வித்தியாசம் பிழையே அன்று, அதை விட்டுவிடுங்கள்.

ஆனால் கடிகாரம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் பெயரில் அதை அப்படியே எழுதுவதை நான் ஏற்கவில்லை. செவ்வாய்க்கிழமைக் கொடையின் சாமப் பூசை புதன்கிழமை அதிகாலை 1 மணிக்கு நடந்தாலும் ஊர் அதைச் செவ்வாய்க் கொடை என்றுதான் சொல்லும். திங்கள் இரவில் நடக்கும் குடியழைப்பும், புதன் காலையில் நடக்கும் மஞ்சள் நீராட்டும் அந்தச் செவ்வாய்க்கே உரியவை. ஆகவே எல்லாக் கோப்புகளுக்கும் கொடை நாளின் தேதி ஒன்றையே இடுகிறோம். முன்னது எது, பின்னது எது என்பதை வரிசை எண் பார்த்துக்கொள்கிறது. ஒரு கொடையின் பதிவுகள் அனைத்தும் பட்டியலில் ஒரே இடத்தில் திரண்டு நிற்பதும் இதனால் கிடைக்கும் வசதி. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசை ஐஎஸ்ஓ 8601 என்ற தரத்தின்படி அமைந்தது. 06-08-2024 என்று எழுதினால் அமெரிக்க முறையில் படிப்பவர் அதை ஜூன் 8 என்று கொள்வார்.

வாட்ஸ்அப் வழியாக வந்த கோப்பானால், விஐடி-20240809-டபிள்யூஏ0003 என்பது போன்ற பெயரில் இருக்கும் தேதியை நம்பவே வேண்டாம். அது எடுத்த நாள் அன்று, செயலி வழியே போய்வந்த நாள். அதோடு வீடியோவாக அனுப்பினால் பெயர் மட்டுமல்லாமல் தரமும் சுருங்கிவிடும். ‘டாக்குமெண்ட்’ என்று தேர்ந்தெடுத்து அனுப்பச் சொன்னால் இரண்டும் அப்படியே வந்து சேரும்.

கோப்பு இருக்கிறது, தேடினால் கிடைக்கவில்லை

பெயர் ரோமன் எழுத்தில் இருந்தால் காரணம் பெரும்பாலும் எழுத்துக்கூட்டல். சுடலை மாடனைச் சிலர் ‘எஸ்’ இட்டும் சிலர் ‘சிஎச்’ இட்டும் தொடங்குகிறார்கள், இசக்கியம்மன் ‘ஐ’யிலும் ‘இ’யிலும் தொடங்குகிறாள், ழகரத்துக்கு ஆளுக்கொரு வழி. ஒரே ஊரைத் தேட நான்கு முறை தட்டச்சு செய்ய வேண்டியிருந்ததால்தான் நாங்கள் தமிழ் எழுத்துக்கு மாறினோம். பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதம் தமிழில் இல்லாததால், விண்டோஸில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு பெயர்கள் லினக்ஸில் வெவ்வேறாகிப் போகும் சங்கடமும் அதோடு தீர்ந்தது. நீட்சியில் மட்டும் எப்போதும் சிறிய எழுத்தே இடுகிறோம்.

தமிழுக்கு மாறியதும் வேறொரு கோளாறு முளைத்தது. ஒரே ஃபோல்டருக்குள் ஒரே பெயரில் இரண்டு கோப்புகள். எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டாலும் வேறுபாடு தெரியவில்லை. ‘கொடை’ என்று தேடினால் ஒன்று மட்டும் வருகிறது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் எழுத்தை யூனிகோடில் இரண்டு வழியில் எழுத முடியும் என்பதே இதன் காரணம். ‘கொ’ என்பதைக் ககரத்தோடு ஒகரக்குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம். ககரத்தோடு ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். சில விசைப்பலகைகள் முதல் வழியிலும் சில இரண்டாம் வழியிலும் எழுதுகின்றன. மேக் கணினிகளின் எச்எஃப்எஸ் பிளஸ் என்ற பழைய கோப்பு முறை, எப்படி எழுதினாலும் பிரித்தே சேமித்துவைக்கும். நம் கோப்புகள் பலவற்றிலும் ‘கொடை’ என்ற சொல் இருப்பதால், இந்தப் பிழைக்கு நம்மைவிட வாகான இடம் வேறு இல்லை.

சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. பெயரைக் கணினியில் நோட்பேடில் ஒட்டி, ‘கொ’வுக்கு அடுத்து நிறுத்தி, அழிக்கும் விசையை ஒரு முறை மட்டும் அழுத்துங்கள். ‘க’ மிஞ்சினால் அது சேர்த்து எழுதிய வடிவம். ‘கெ’ மிஞ்சினால் பிரித்து எழுதிய வடிவம். கைப்பேசிகளில் சில விசைப்பலகைகள் முழு எழுத்தையும் ஒரே அழுத்தில் அழித்துவிடும் என்பதால் அங்கே இதைச் செய்து பயனில்லை. பிரிந்தவற்றையெல்லாம் சேர்ந்த வடிவத்துக்கு, அதாவது என்எஃப்சி என்று சொல்லப்படும் வடிவத்துக்கு, மொத்தமாக மாற்றிவிடலாம். லினக்ஸில் கன்வ்எம்வி என்ற கருவி அதற்கென்றே இருக்கிறது.

அந்த மாற்றம் தீர்க்காதவை இரண்டு. முதலாவது, ‘கௌ’ என்று எழுத வேண்டிய இடத்தில் ஒற்றைக்கொம்பும் ளகரமும் இட்டுக் ‘கெள’ என்று எழுதுவது. கண்ணுக்கு ஒன்றுபோல் தெரிந்தாலும் கணினிக்கு அது முற்றிலும் வேறு சொல். கையால்தான் திருத்த வேண்டும். இரண்டாவது, ஸ்ரீவைகுண்டம். தாமிரபரணிக் கரையில் பதிவு செய்பவர் யாரும் அந்த ஊரைத் தவிர்க்க முடியாது. அதன் முதலெழுத்தை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், 2005ஆம் ஆண்டில் யூனிகோடில் சேர்க்கப்பட்ட ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவம் காட்டும். பின்னாலிருந்து அழித்துக்கொண்டே வந்து முதலில் நிற்கும் எழுத்து எது என்று பார்த்தால் தெரிந்துவிடும். எது சரி என்று இலக்கணம் பேசிக்கொண்டிருக்காமல், குழுவில் அதிகம் பேருடைய விசைப்பலகை எதைத் தருகிறதோ அதையே வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஊர்ப்பெயர்களையும் நிகழ்ச்சிப் பெயர்களையும் ஒரு தாளில் ஒருமுறை சரியாக எழுதி, அதிலிருந்து வெட்டி ஒட்டுவதோடு சரி. புதிதாக யாரும் தட்டச்சு செய்வதில்லை.

படியெடுக்கும்போது மறுக்கிறது

பிழைச்செய்தியைப் படியுங்கள் என்று சொன்னால் பலருக்குக் கோபம் வருகிறது. ஆனாலும் படிக்கத்தான் வேண்டும். ‘கோப்பு மிகப் பெரியது’ என்று வந்தால் பெயருக்கும் அதற்கும் தொடர்பில்லை: பென் டிரைவ் ஃபேட்32 என்ற கோப்பு முறையில் இருக்கிறது, அதில் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் போக முடியாது. நொடிக்கு 50 மெகாபிட் வீதம் பதிவாகும் காட்சி பதினோரு நிமிடத்தைச் சற்றே தாண்டும்போது அந்த அளவைத் தொட்டுவிடும். எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றினால் போதும்.

‘பெயர் நீளம்’ என்று வந்தால் கணக்குப் போட வேண்டும். லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைகளில் ஒரு பெயருக்கு 255 பைட் இடம். ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு அது 255 எழுத்து, நமக்கு அப்படியல்ல. ‘வில்லுப்பாட்டு’ என்பதில் கண்ணுக்குத் தெரிவது ஏழு எழுத்து. யூனிகோடு குறியெண்கள் 14. ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் 3 பைட் என்பதால் மொத்தம் 42 பைட். இது போன்ற சொல் ஆறு வந்தால் பெயர் நிரம்பிவிடும். விண்டோஸில் கணக்கு வேறு: அங்கே குறியெண் ஒன்றுக்கு ஓர் அலகு என 14 அலகுதான். அதனால் விண்டோஸில் சுகமாக இருக்கும் நீண்ட தமிழ்ப் பெயர் லினக்ஸ் சேமிப்பகத்துக்குப் போகும்போது முட்டிக்கொள்கிறது. மேலே நான் காட்டிய எடுத்துக்காட்டுப் பெயர் விண்டோஸ் கணக்கில் 66 அலகு, லினக்ஸ் கணக்கில் 144 பைட். மூன்றெழுத்து நீட்சியும் புள்ளியும் சேர்ந்தால் 148. இது 255க்குள் அடங்கினாலும், இ-கிரிப்ட்எஃப்எஸ் முறையில் மறையாக்கம் செய்த ஃபோல்டரில் எல்லை 143 என்பதால் அங்கே ஏறாது. அத்தகைய சேமிப்பகம் வைத்திருப்பவர் ‘வில்லுப்பாட்டு’ என்பதை ‘வில்’ என்று சுருக்கிக்கொண்டால் 33 பைட் மிச்சமாகும். கணியான் கூத்துக்கு ‘மகுடம்’ என்றாலே எல்லோருக்கும் விளங்கும்.

விண்டோஸுக்கும் தனியாக ஓர் எல்லை உண்டு. அது பெயருக்கன்று, முழுப் பாதைக்கு. ஃபோல்டருக்குள் ஃபோல்டராக அடுக்கி எல்லாம் சேர்ந்து 260ஐத் தாண்டினால் பல மென்பொருள்கள் திறக்க மறுக்கும். 2016இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து அமைப்பை மாற்றி இதைத் தளர்த்த முடியும் என்றாலும், பெறுபவரின் கணினியில் அதை மாற்றியிருப்பார் என்று எண்ணி அனுப்ப முடியாது. ஃபோல்டரின் பெயரையே கோப்பிலும் திரும்ப எழுதுவதை நிறுத்தினால் பாதி இடம் மிச்சமாகும் என்று சிலர் சொல்வார்கள். நான் உடன்படவில்லை, கோப்பு ஃபோல்டரைவிட்டுத் தனியே பயணம் போகும், ஆகவே சுருக்க வேண்டியது ஃபோல்டரின் பெயரை.

கேள்விக்குறி, முக்காற்புள்ளி, சாய்கோடு, இரட்டை மேற்கோள், விண்மீன் குறி ஆகியவற்றை விண்டோஸ் பெயரில் ஏற்காது. நேரத்தை ‘1:30’ என்று எழுதுபவர்களால்தான் இந்தப் பிழை பெரும்பாலும் வருகிறது.

பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கட்டம், கேள்விக்குறி, அந்நிய எழுத்து

மூன்றும் ஒன்றுபோல் எரிச்சலூட்டும், ஆனால் மூன்றுக்கும் மருந்து வேறு. வெறும் கட்டங்கள் தெரிந்தால் பெயர் பத்திரமாக இருக்கிறது. அந்தக் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். கை வைக்காதீர்கள். கேள்விக்குறிகளாகவே தெரிந்தால் பெரும்பாலும் பெயர் அழிந்துவிட்டது. அனுப்பியவரிடம் மீண்டும் கேட்க வேண்டும். தலையில் சாய்கோடிட்ட சிறிய ‘ஏ’ எழுத்தும், வட்டத்துக்குள் ‘ஆர்’ என்ற குறியும் மாறி மாறி வந்தால் மகிழ்ச்சி அடையுங்கள்: அது யூடிஎஃப்-8 தமிழ்தான், மேலைநாட்டு எழுத்துமுறையில் தவறாகப் படிக்கப்பட்டிருக்கிறது, மீட்டுவிடலாம். கோப்புகளை ஒன்றாகக் கட்டும் பழைய ஜிப் கருவிகளாலும் பெயர் இதுபோல் வேறு அந்நிய எழுத்துகளாகத் தெரியலாம். ஜிப் கோப்பில் ‘பெயர் யூனிகோடில் உள்ளது’ என்று அறிவிக்க ஒரு கொடி உண்டு. அதை ஏற்றாத கருவியில் கட்டினால், பிரிக்கும் கருவி தன் இஷ்டத்துக்குப் படிக்கும். புதிய கருவியில் மறுபடி கட்டி அனுப்பச் சொல்லுங்கள். யூனிகோடைச் சேராத பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பெயரானால் ரோமன் எழுத்துகளாகவே தெரியும். யூனிகோடு மாற்றியில் போட்டு எடுக்க வேண்டும்.

வசன வரி ஏறவில்லை

வெளியூரில் வளரும் பிள்ளைகளுக்காகப் பாட்டின் வரிகளை எஸ்ஆர்டி என்னும் வசனக் கோப்பாகச் சேர்க்கிறோம். அதன் பெயர் வீடியோவின் பெயரோடு நீட்சிக்கு முன் வரை எழுத்துப் பிசகாமல் ஒத்திருக்க வேண்டும். அதற்கும் நீட்சிக்கும் இடையே மொழிக்குறியாக ‘டிஏ’ இடலாம். வீடியோவை ‘வெ2’ ஆக்கிவிட்டு வசனக் கோப்பை ‘வெ1’ ஆகவே விட்டுவிடுவதுதான் நாங்கள் திரும்பத் திரும்பச் செய்த தவறு. பெயர் ஒத்தும் ஏறாவிட்டால், மேலே சொன்ன ‘கொ’ சோதனையை இரண்டு பெயர்களுக்கும் செய்யுங்கள்.

பெயர் ஒழுங்காக இருக்கிறது, படித்தவர் வேறு பொருள் கொண்டார்

கணியான் கூத்தில் இரண்டு மகுடங்கள் முழங்கும்: ஒன்று மேல் ஒலி தரும் உச்சம், மற்றொன்று கீழ் ஒலி தரும் மந்தம். ஒரு முறை, முன்னின்று பாடும் அண்ணாவியின் குரலுக்கு ஒரு மைக்கும் மகுடங்களுக்குத் தனித்தனி மைக்கும் வைத்துப் பதிவு செய்து, ஒலிக்கோப்புகளுக்குக் ‘குரல்’, ‘உச்சம்’, ‘மந்தம்’ என்று பெயர் வைத்தேன். தொகுப்பதற்காக அவற்றை வாங்கிக்கொண்ட இளைஞர், ‘மந்தம்’ என்றால் ஒலி மந்தமாகப் பதிவாகிவிட்டது, கழித்துக்கட்ட வேண்டியது என்று எண்ணி, அதை நீக்கிவிட்டு வேலையை முடித்திருந்தார். கேட்டபோது, “அண்ணாச்சி, நீங்கதானே மந்தம்னு எழுதியிருந்திய” என்றார். குற்றம் முழுவதும் என்னுடையது. இப்போது ‘மகுடம்-உச்சம்’, ‘மகுடம்-மந்தம்’ என்று எழுதுகிறோம். ஒரு சொல் கருவியையும் குறிக்கலாம், தரத்தையும் குறிக்கலாம் என்றால் பக்கத்தில் அதன் பெயர்ச்சொல்லை வையுங்கள். ‘நல்லது’, ‘சுமார்’ போன்ற தரச்சொற்களைப் பெயருக்குள் விடவே விடாதீர்கள்.

ஒரே பெயரில் இரண்டு கோப்புகள், உள்ளே வேறு வேறு

வெளியிட்ட பிறகு ஒரு குறை கண்டு, திருத்தி, பழைய பெயரிலேயே மீண்டும் ஏற்றிவிட்டால் வரும் நோய் இது. எங்கள் பதிவொன்றில் சில நிமிடங்களுக்கு ஒலி இல்லாமல் போனது. திருத்திப் பேசாமல் மாற்றி வைத்தோம். முதல் படியை இறக்கிக்கொண்ட தாராவிக்காரர் அதைத் தம் தெருவில் பதினைந்து பேருக்குக் கொடுத்திருந்தார். ஊமைப் பதிவா, திருந்திய பதிவா என்று பெயரைப் பார்த்துச் சொல்ல வழியில்லாமல் போயிற்று.

வெளியீட்டுக் குழுக்கள் இதற்கு வழி கண்டிருக்கின்றன. தன் வெளியீட்டைத் தானே திருத்தும் குழு பெயரில் ‘ரீபேக்’ என்று சேர்க்கும். இன்னொரு குழுவின் குறையுள்ள வெளியீட்டுக்கு மாற்றாகத் தருவது ‘ப்ராப்பர்’. ஜப்பானிய அனிமேஷனுக்கு வசனம் சேர்க்கும் குழுக்கள் எண்ணோடு பதிப்பைக் குறித்து, பெயரின் இறுதியில் சதுர அடைப்புக்குள் எட்டு இலக்கச் சரிபார்ப்புக் குறியையும் இடுவதுண்டு. அது சிஆர்சி32 என்ற கணக்கின் விடை. கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து மட்டும் பெறப்படுவது. ஆகவே யாரேனும் பெயரை மாற்றினாலும் உள்ளடக்கம் மாறாதவரை குறி அப்படியே வரும்.

நாங்கள் ‘வெ1’, ‘வெ2’ என்பதோடு நிறுத்திக்கொண்டு, சரிபார்ப்புக் குறிகளைத் தனியே ஒரு உரைக்கோப்பில் தருகிறோம். குறி ஒத்துவரவில்லை என்று யாரேனும் சொன்னால் மூன்று கேள்விகள் கேட்போம். இறக்கம் பாதியில் நின்றதா? அப்படியானால் கோப்பின் அளவே குறைந்திருக்கும். பிளேயரிலோ வேறு மென்பொருளிலோ தலைப்பு, படம் ஏதேனும் சேர்த்தீர்களா? கோப்பின் உள்ளே எழுதப்படும் அந்தத் தலைப்பு உள்ளடக்கத்தின் பகுதி என்பதால் குறி மாறிவிடும், பதிவுக்குக் கேடில்லை. வாட்ஸ்அப்பில் வீடியோவாக வந்ததா? அப்படியானால் அது நம் வெளியீடே அன்று. குறி சரியாக இருந்தும் ‘கோப்பைக் காணோம்’ என்று சரிபார்ப்பு மென்பொருள் சொன்னால், அந்த உரைக்கோப்பில் எழுதியிருக்கும் பெயரும் தட்டில் இருக்கும் பெயரும் ஒத்துவரவில்லை. பெறுபவர் பெயரை மாற்றியிருப்பார்.

‘இறுதி’, ‘கடைசி’, ‘புதுசு’ ஆகிய மூன்று சொற்களை நாங்கள் பெயரிலிருந்து விலக்கிவிட்டோம். ஒரு கோப்பில் ‘இறுதி’ என்றும் அடுத்ததில் ‘உண்மையான இறுதி’ என்றும் எழுதிய நாள்கள் எங்களுக்கும் உண்டு. அந்த ஊமைப் பதிவின் திருத்தத்துக்கு ‘வெ2’ என்று பெயரிட்டு மறுபடி ஏற்றியபோது, முதல் படியை வைத்திருந்த பதினைந்து வீடுகளுக்கும் சொல்லியனுப்பினோம். ஒன்பது பேர் மாற்றிக்கொண்டார்கள். மற்ற ஆறு வீடுகளில் இன்றும் ‘வெ1’தான் ஓடுகிறது, ஒலி இல்லாத இடம் வரும்போது வீட்டில் உள்ள பெரியவர்கள் அந்த அடிகளைத் தாங்களே பாடிவிடுகிறார்களாம்.